குழாய்க்குள் மூச்சு

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நளீம் தன் வெள்ளைக் காரை நிந்தவூர் பிரதான வீதியிலிருந்த முனாபின் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான்.

“எஞ்சின் மாத்தினனான் மச்சான். மஞ்சள் லைட்டு எரிஞ்சிக்கிட்டே இரிக்கி. ஒக்சிஜன் சென்சர் இல்லாத குறையாம். ஒண்டு வாங்கி வந்திரிக்கன், பூட்டித் தாங்க.”

முனாபின் முதல் மனைவி கமீலாவின் தம்பி அவன். சுனாமியன்று காலையில் கமீலாவைத் தன் பழைய காரில் கல்முனைக்குக் கூட்டிப்போனவன். தண்ணீர் தன்னைத் தூரத்தில் தூக்கி எறிந்துவிட்டது என்றும், திரும்பி வந்து பார்க்கையில் தன் ராத்தா காருக்குள்ளேயே மூச்சடங்கி மௌத்தாகிக் கிடந்தாள் என்றும் அழுதான். அந்தக் காரைக் கண்ணில் காட்டாதே என்று முனாப் சொன்னான். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக நளீம் சொன்னான்.

இப்போது சண்டையும் முடிந்திருந்தது. சோதனைச் சாவடிகள் குறைந்து, ஆட்கள் மறுபடி வாகனம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். முனாப் ஸம்றாவைக் கலியாணம் முடித்து, கராஜின் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தான். தொட்டிலில் ஒரு பெண் பிள்ளை.

காரின் சைலன்சர் குழாயில் சென்சருக்கான துளை இல்லை. முனாப் காருக்கடியில் மல்லாந்து படுத்துக் குழாயைத் துளைத்தான். துளையிலிருந்து தண்ணீர் வடிந்தது. குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது வழக்கம்தான். ஆனால் இது நிற்காமல் வடிந்தது. உதட்டில் பட்ட துளி உப்புக் கரித்தது. சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது.

அவன் துளையில் நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, சென்சரை முறுக்கிப் பூட்டினான். பிறகு ஸ்கேனரைக் கொழுவிச் சாவியை மட்டும் திருப்பினான்.

எஞ்சின் ஓடாதபோது குழாய்க்குள் வெறும் காற்றுத்தான் இருக்கும். சென்சர் அதைத்தான் காட்டவேண்டும். ஸ்கேனரோ, துளியும் காற்றில்லை என்று காட்டியது. சென்சரைக் கழற்றி வெளியே தொங்கவிட்டான். சரியாகக் காட்டியது. மறுபடி பூட்டினான்.

காற்றில்லை.

பிறகு திரையில் கிடந்த கோடு மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

அந்த ஏற்ற இறக்கத்தை முனாபுக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தன் பக்கத்தில் படுத்திருந்த கமீலாவின் நெஞ்சு அப்படித்தான் ஏறி இறங்கும்.

“நளீம், இது எந்தக் கார்ட எஞ்சின்?”

நளீம் வீதியைப் பார்த்தான். “நல்ல எஞ்சின் மச்சான். எறிய மனசு வரல்ல. கழுவி எண்ணெ போட்டு வெச்சிருந்தன்.”

“எந்தக் கார்ட?”

“ராத்தா மௌத்தான கார்ட.”

அப்போது எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கியது. அதன் இரைச்சலுக்குள், கார்க் கூரையின் உட்பக்கத்தில் யாரோ தட்டினார்கள்.

நளீம் காதைப் பொத்திக்கொண்டான். அவன் வாயிலிருந்து வார்த்தைகள் உடைந்து விழுந்தன.

“நான் தூரத்துக்குப் போகல்ல மச்சான். கூரைக்கு மேலதான் நிண்டனான். ராத்தா உள்ளுக்கிரிந்து தட்டிக்கிட்டே இரிந்தா. கண்ணாடிய உடைக்க இறங்கினா நானும் போயிருவன். எனக்குப் பயமாக் கிடந்திச்சி.”

“எவ்வளவு நேரம் தட்டினா?”

“தட்டு நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு நிண்டன்.”

நளீம் பாய்ந்து சாரதி ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நிற்கவில்லை. கதவு அறைந்து சாத்தியது. கண்ணாடிகள் உயர்ந்தன. பூட்டுகள் விழுந்தன.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆனால் நளீமின் தலைமயிர் மெல்ல எழுந்து மிதந்தது.

சட்டை உடம்பைவிட்டு விலகி அலைந்தது. அவன் கன்னங்களை உப்பி மூச்சைப் பிடித்தான். கண்ணாடியில் தட்டினான். முனாபின் கையில் சுத்தியல் இருந்தது. ஒரே அடி போதும்.

நளீம் அந்தச் சுத்தியலைப் பார்த்தான். பிறகு முனாபின் முகத்தைப் பார்த்தான்.

முனாப் அசையவில்லை.

தட்டு வேகமானது. பிறகு மெதுவானது. பிறகு விரல்கள் மட்டும் கண்ணாடியில் ஊர்ந்தன.

எல்லாம் அடங்கியதும் எஞ்சின் நின்றது. முனாப் சுத்தியலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கைகால் கழுவி வுளூச் செய்து, அஸர் தொழப் பள்ளிக்குப் போனான். திரும்பி வந்துதான் கண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னான். பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர், நுரையீரல் நிறைய உப்புத் தண்ணீர் என்றார். மூடிய காருக்குள் அது எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஜனாஸா அடக்கத்தில் முனாப்தான் முன்னுக்கு நின்று மண் போட்டான். மஃரிப் தொழுகைக்குப் பின் வீடு திரும்பும்போது, நெஞ்சில் வருடக்கணக்காகக் கிடந்த ஏதோ இறங்கிவிட்டதுபோல் இருந்தது. கமீலா இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தான்.

குசினியில் ஸம்றா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கோப்பை.

“மையத்து வீட்டிலிரிந்து ஒரு பொம்புள வந்தா,” என்றாள். “உடுப்பெல்லாம் நனஞ்சி கிடந்திச்சி. பாவம், ஒரே அழுகை.”

“ஆரு?”

“நளீம்ட சொந்தம் போல. ‘எண்ட தம்பியக் கூட்டிப்போக வரல்ல நான், என்னக் கட்டின மாப்பிள்ளையப் பாக்கத்தான் வந்தன்’ எண்டா. ‘தம்பி தட்டத் தட்ட அவரு சுத்தியலோட பாத்துக்கிட்டு நிண்டாரு’ எண்டா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நீங்க அந்நேரம் பள்ளியிலதானே?”

முனாப் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“எப்ப போனா?”

ஸம்றா அவனை வியப்போடு பார்த்தாள்.

“போகல்லியே. பிள்ளையத் தாங்க, கொஞ்சம் வெச்சிருக்கன் எண்டு வாங்கிக்கிட்டு அறைக்குள்ளதான் இரிக்கா.”

அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் ஓசையின்றி வந்து ஸம்றாவின் பாதத்தைத் தொட்டது.