அலமாரிக்குள் எரிந்த பல்பு

மலை எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி இருளப்பன் வீட்டு வாசலில் ரூபினி வந்து நின்றபோது மழை விட்டபாடில்லை. பல்கலைக்கழகங்களில் முடிவெடுப்பது யார், பாடம் நடத்துகிறவர்களின் பேச்சு அங்கே எடுபடுகிறதா என்பது அவளுடைய ஆய்வு. அவளை நம்பி மனம் திறந்த விரிவுரையாளர்களின் பெயர்கள் ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தன. அதைக் காணோம்.

"நிர்வாகத்து கையில கெடைச்சா அவங்க வேலையே போயிடும் ஐயா. பேர் வெளிய வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் ரூபினியோடு புறப்பட, அவள் பக்கத்து வீட்டுக் கத்தரீனும் ஆர்வமாகக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் பாதி வீடுகள் காலி. இறந்துபோன அம்மாவின் வீட்டில் ரூபினி தனியாக எழுத வந்து மூன்று மாதமாகிறது. கதவைத் தட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரூபினியின் வீட்டில், நோட்டு இருந்த துணி அலமாரியை இருளப்பன் திறந்தார். உள்ளே இருட்டு. பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது.

"பல்பு போச்சா?" என்று சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. "கடைசியா எப்ப தொறந்தே?"

"சனிக்கிழமை காலையில. அப்ப எரிஞ்சுது. அப்புறம் கூரை ஒழுகுதுன்னு நல்லுசாமி அண்ணன் வந்தாரு. மத்தியானம் கீழ டவுன்ல இருந்து குகனேஸ்வரன், யுனிவர்சிட்டியில என்கூட வேலை செய்றவரு. அவரை வீட்டுல விட்டுட்டு, அவர் பிள்ளைங்களுக்கு ஸ்ட்ராபெரி வாங்க நான் கியா பார்ம் சந்தைக்குப் போயிட்டு வந்தேன். கத்தரீன் அக்காகிட்ட ஒரு சாவி இருக்கு."

"நல்லுசாமிதான் லா," என்றாள் கத்தரீன் அவசரமாக.

"அவனும் நீயும் இங்கயே பொறந்தவங்க. இந்த ஈரத்துல அலமாரி பல்பை நம்ம யாரும் அணைக்க மாட்டோம். அணைச்சா ரெண்டே நாள்ல துணியெல்லாம் பூஞ்சை. கீழ இருந்து வந்தவனுக்குத்தான் அது வீணா எரியற லைட். நோட்டை எடுத்துட்டு, பழக்கதோஷத்துல அணைச்சிட்டுப் போயிருக்கான்."

துறைக் கூட்டம் முடிந்தால் கடைசி ஆளாக நின்று விளக்கணைத்து வருகிறவன் குகன். அதற்காக ரூபினி அவனை மெச்சியதும் உண்டு. இந்த மூன்று மாதத்தில் மலையேறி வந்து பார்த்த ஒரே நண்பன். போனில் அவனை அழைத்து நோட்டைக் கேட்டாள்.

அவன் மறுக்கவில்லை. "டீன் பதவிக்கு என் பேர் போயிருக்கு ரூபி. உன் ஆய்வுக்கு நானும் பேசினது வெளிய வந்தா அவ்வளவுதான். பயந்துட்டேன். இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கல."

"இப்பப் பிரி."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "பதினொரு பேர் இருக்கு. என் பேர் இல்லையே?"

"உன் பேரை எழுதித்தான் ஞாபகம் வச்சுக்கணுமா?"

மறுமுனையில் நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னான்: "நாளைக்கே நேர்ல கொண்டாந்து குடுத்துடறேன்."

"வர வேணாம். கொரியர்ல அனுப்பு."