கடைசி சீட்டிலிருந்து ஒரு தட்டு

சடையங்குப்பத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் வழக்கமான கெட்ட வாடை. காலி மனை ஒன்றில், புதுப் பெயிண்ட் அடித்த பழைய பஸ் நின்றது. அதுதான் வீடு. டயருக்கு மேலே வீடு இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது என்பது யசோதராவின் நினைப்பு. வியாசர்பாடியில் இடுப்பளவுத் தண்ணீரில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள். அந்த நினைப்பை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

"இன்னிக்கே முடிச்சுக் குடுத்துருண்ணா," என்றாள். "நைட்டு இங்கதான் தங்கப் போறோம். கரண்டு இன்னும் வரல. மிஷின் இல்லாம பாப்பாவுக்கு ஆவாது."

மிஷின் என்றால் நெபுலைசர், மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைப்பது. மகள் எழில்மொழிக்கு ஆறு வயசு. பொழுது சாய்ந்தால் வீசிங் வந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலேயே ஓடுகிற மிஷினை யசோதரா வாங்கி வைத்திருந்தாள். அதற்காகத்தான் கூரைமேல் சோலார் பேனல் மாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள். லைட்டும் ஃபேனும் கொசுறு.

"அஞ்சு மணிக்கு லைட்டு எரியும். ஹென்றி சொன்னா சொன்னதுதான்," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

கூரைமேல் ஏறினேன். தகட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் துளை போட்டால் முதல் காற்றிலேயே பேனல் பறந்துவிடும். நான் அதை விரல் முட்டியால் தட்டித்தான் கண்டுபிடிப்பேன். வெறும் தகடு டம்மென்று கேட்கும். சட்டம் உள்ள இடம் டொக்கென்று கேட்கும். அப்படியே தட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

ஒரே ஒரு தட்டு.

பாப்பா விளையாடுகிறது என்று நினைத்தேன். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கண்டக்டர் கிடையாது, பக்கத்துத் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. நானும் எட்டு வருஷம் மணலியில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாக அப்படித்தான் போய் வந்தேன். பழக்க தோஷம், இரண்டு தட்டு தட்டினேன்.

கீழே எட்டிப் பார்த்தேன். எழில்மொழி தண்ணீர் டிரம் பக்கத்தில் அம்மாவுக்குக் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் யாரும் இல்லை.

தகரம் வெயிலில் விரிந்தால் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனலை முடுக்கினேன். உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். கடைசி நீள சீட்டை மட்டும் பாப்பாவுக்குக் கட்டிலாக விட்டிருந்தார்கள். அதை ஒட்டி எமர்ஜென்சி கதவு. பேட்டரிப் பெட்டியைக் கதவுக்குக் குறுக்கே வைத்து பெல்ட் போட்டு இறுக்கினேன். வீடுதானே, இரண்டாவது கதவு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முதலில் பேட்டரி, பிறகு பேனல். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு வந்தது. எல்லா ஸ்விட்சும் ஆஃப். ஆனாலும் ஒரு நிம்மதிக்காக ஒயரில் மீட்டரை மாட்டினேன்.

எதுவோ கரண்ட் இழுத்தது. அரை ஆம்பியர். ஒன்றரை. அரை. ஒன்றரை.

ஷார்ட் என்றால் ஒரே இழுப்பாக இழுக்கும். இது மெதுவாக ஏறியது, திணறி நின்றது, இறங்கியது. ஃபியூஸைக் கழற்றினேன்.

ஃபியூஸ் என் உள்ளங்கையில் இருந்தது.

மீட்டரில் எண் ஏறியது. இறங்கியது.

அப்போதுதான் அந்த வாசனை. யூகலிப்டஸ் தைலம். எங்கோ முகர்ந்த வாசனை.

"இன்னாண்ணா, எதுனா பிரச்சனையா?" யசோதரா வாசலில் நின்றாள்.

"மீட்டரு பழசுமா," என்றேன். பொய்தான். ஃபியூஸைத் திரும்பப் போட்டேன்.

ஐந்தரைக்கு எழில்மொழிக்கு இழுப்பு ஆரம்பித்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். யசோதரா மருந்தை ஊற்றி, மாஸ்க்கை வைத்து, ஸ்விட்சைப் போட்டாள். மிஷின் நாலு மூச்சு ஓடியது.

நின்றது.

பேட்டரி நிறைந்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை. மிஷின் மட்டும் செத்துக் கிடந்தது.

"அண்ணா, உதடு நீலமாவுது. எதுனா பண்ணுண்ணா."

ஒயரைப் பார்க்க சீட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். ஜன்னல் கம்பிக்குக் கீழே, புதுப் பெயிண்டுக்கு அடியில், ஏதோ கீறியிருந்தது. சிலுவைக் குறி. பக்கத்தில் 'ஹெ'. டெஸ்டர் முனையால் கீறியது.

கீறியவன் நான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். இது நான் போய் வந்த அதே கம்பெனி பஸ்.

தலைக்கு மேல் தகட்டில் ஒரு தட்டு விழுந்தது.

கேன்டீன் கெங்கம்மா அக்கா அந்தக் கடைசி சீட்டில்தான் உட்காருவாள், தைலம் தேய்த்துக்கொண்டு. ஒரு நாள் காலை திருவொற்றியூரில் ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது மூச்சு முட்டி ஒரு தட்டு தட்டினாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தான். முன் சீட்டில் அரைத்தூக்கத்தில் இருந்த நான், ஷிப்டுக்கு கேட் மூடிவிடுவார்களே என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு தட்டு தட்டினேன். பஸ் போய்விட்டது. கேட்டில் எல்லோரும் இறங்கியபோது அவள் மட்டும் இறங்கவில்லை. யார் தட்டியது என்று விசாரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று மறுபடியும் அதே கையால் அவளுக்கு இரண்டு தட்டு தட்டியிருக்கிறேன். போதாததற்குக் கதவையும் அடைத்து வைத்திருக்கிறேன்.

பெல்ட்டை அறுத்தேன். பேட்டரிப் பெட்டியை ஒயரோடு இழுத்துத் தள்ளினேன். துருப்பிடித்த கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். பிறகு தகட்டில் ஓங்கி ஒரே ஒரு தட்டு.

"கெங்கம்மாக்கா," என்றேன். "நாந்தான்க்கா அன்னிக்கு தட்டுனது. வண்டி நின்னுடுச்சு. கொயந்தய வுட்டுடு. எறங்குக்கா."

தைல வாசனை என் முகத்தை உரசிக்கொண்டு போனது.

கனத்த ஆள் ஒருவர் இறங்கினால் பஸ்ஸின் பின்பக்கம் எப்படி உயருமோ, அப்படி உயர்ந்தது.

மிஷின் ஓட ஆரம்பித்தது. மாஸ்க்குக்குள் வெள்ளைப் புகை. எழில்மொழியின் தோள் மெல்லக் கீழே இறங்கியது. யசோதரா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரிடம் பேசினாய் என்று என்னைக் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்தேன். மிஷினுக்கு உண்டான கரண்ட் மட்டும், ஆடாமல் அசையாமல்.

இருட்டுவதற்குள் கிளம்பினேன். மனசு லேசாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன்.

பின் சீட் அமுங்கியது.

திருவொற்றியூர் ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. எழில்மொழி நன்றாக இருக்கிறாள். நான் தினமும் அந்த வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு, பின் சீட் உயர்வதற்காகக் காத்திருக்கிறேன்.

இதுவரை உயரவில்லை.