தோள் குலுங்க வைக்கும் புத்தகம்

வீட்டில் எல்லோரும் அவளைக் கரையான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அக்கா.

"நேத்து எடுத்துட்டு வந்த புத்தகம் எங்கடி?"

"முடிச்சுட்டேன்."

"அட்டையாவது மிச்சம் இருக்கா, இல்ல அதையும் அரிச்சுட்டியா?"

கரையான் படிப்பது மூன்றாம் வகுப்பு. ஆனால் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்துவிடுவாள். புத்தகம் இல்லையென்றால் பிஸ்கட் பொட்டலத்தின் முதுகு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த கையேடு, எதுவானாலும் சரி. "இதை மாடிப்படியில வச்சு ஓட்டக்கூடாதாம்ப்பா" என்று அப்பாவிடம் கவலையாகச் சொல்வாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது.

நூலகத்தில்தான் சிக்கல். அங்கே புத்தகங்களின் முதுகில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பச்சைக் கார்டு, பச்சைப் புத்தகம். பெரியவர்களுக்குச் சிவப்பு. அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டால் சின்னவர்களுக்கும் சிவப்புக் கார்டு கிடைக்கும். பச்சை அலமாரி முழுவதையும் கரையான் எப்போதோ முடித்துவிட்டாள். 'இது பந்து. பந்து உருளும். ஐயோ, பந்து எங்கே?' என்று ஒரு புத்தகம் தொடங்கும். பந்து கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அதனால் அக்காவின் சிவப்புக் கார்டில் புத்தகம் எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். சும்மா இல்லை. பதிலுக்கு அக்காவின் பங்குப் பாத்திரங்களையும் அவளே கழுவினாள்.

முதலில் எடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒருவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். வேடிக்கையான கதை என்று நம்பி உட்கார்ந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் அந்தச் சிரித்த முகத்துக்காரர் தன் கூட்டாளியைக் கிணற்றில் தள்ளிவிட்டார். அதற்கப்புறம் பல நாள் கரையான் விளக்கை அணைக்க விடவில்லை.

அடுத்தது ஒரு சிரிப்புத் துணுக்குப் புத்தகம். அதில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் புரியவில்லை. ஒருநாள் காலையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. அப்பா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது.

"போதும்!" என்றாள் அம்மா. "இனிமே பச்சைதான். பெரியவளே, நீ உன் கார்டுல இவளுக்கு எடுத்துக் குடுத்தே, உனக்கும் பச்சைதான் வாங்கிக் குடுப்பேன்!"

கரையான் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அம்மா, பயமா இல்லாம, அசிங்கமா இல்லாம, சிரிப்பா, பெரிசா ஒரு புத்தகம் கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடி பார்க்கலாம்."

"கண்டுபிடிச்சா எனக்குச் சிவப்புக் கார்டு வாங்கித் தருவியா?"

அம்மா கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மூக்குக் கண்ணாடிக்கான வில்லைகளைத் தேய்த்து, விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுப்பாள். மற்ற விஷயங்களிலும் அவள் அப்படித்தான்.

"ஒரே ஒரு புத்தகம்" என்றாள். "சோதனைக்காக மட்டும் அக்கா கார்டுல எடுத்துட்டு வா. நடுவுல எங்கயாவது பிரிச்சு நான் வாய்விட்டு வாசிப்பேன். எனக்கு வாய் கூசக்கூடாது. உனக்குத் தூக்கம் கெடக்கூடாது. எனக்குச் சிரிப்பும் வரணும். மூணும் சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன். ஒண்ணு தப்பினாலும் பேச்சே கிடையாது."

நூலகத்தில் புதுக் கார்டு கொடுப்பது மறுநாள் சாயங்காலத்தோடு முடிகிறது. விட்டால் அடுத்த ஆண்டுதான். ஓர் ஆண்டு முழுக்கப் பந்து உருளும்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் கரையானும் அக்காவும் நேராக நூலகத்துக்குப் போனார்கள். அக்காவுக்கு நூலகத்தில் பிடித்தது ஒன்றுதான். மின்விசிறி. அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள்.

கரையான் சிவப்பு அலமாரியின் முன்னால் நின்றாள். ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். இதில் எது சிரிப்பு, எது கிணறு? அட்டையைப் பார்த்தால் தெரியாது. அது அவளுக்குப் பட்டறிவு. எல்லாவற்றையும் படித்துப் பார்க்கவும் நேரமில்லை.

திரும்பிப் படிக்கும் கூடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது. நூலகர் அம்மாவின் கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யாராவது தும்மினால்கூட மேசையில் 'டக், டக்' என்று தட்டுவார். அதனால் கூடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வாயை மூடலாம். தோளை எப்படி மூடுவது?

கரையானின் கண்கள் விரிந்தன. புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். படிக்கிறவர்களைப் பார்த்தால் போதும்!

ஓரத்தில் செய்தித்தாள் படிப்பவர். அவர் புருவம் முடிச்சுப் போட்டிருந்தது. இல்லை. ஜன்னல் பக்கம் ஓர் அக்கா தடியான நாவல் ஒன்றைப் படித்தபடி மூக்கை உறிஞ்சினாள். வேண்டவே வேண்டாம். அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் அசையாமல் ஆழ்ந்து படித்தார். கிட்டே போய்ப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி அண்ணன். தோள் குலுங்கியது! கரையான் ஓடினாள்.

"அண்ணா, சிரிப்பா இருக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"செம சிரிப்பு."

"இதை உங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

அண்ணனின் காது இரண்டும் சிவந்தன. "அம்மாவுக்கா? ஐயையோ!" என்று புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

கரையான் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். தோளை மட்டும் பார்த்தால் போதாது, காதையும் பார்க்க வேண்டும் என்று புரிந்தது.

அப்போது பின்னால் 'கிரீச், கிரீச்' என்று ஒரு சத்தம். நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். பெரிய உடம்பு. சட்டைப்பையில் பஸ் நிறுவனத்தின் பெயர். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். தோள், தொப்பை, நாற்காலி மூன்றும் சேர்ந்து குலுங்கின.

'டக், டக்' என்றது பென்சில்.

"மாமா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் கரையான். "இதை உங்க வீட்டுல வாசிச்சுக் காட்டுவீங்களா?"

டிரைவர் கைக்குட்டையை எடுத்தார். காது சிவக்கவில்லை.

"புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டாங்க கண்ணு. ஒரு தடவை எடுத்துட்டுப் போய் பஸ்ல தொலைச்சுட்டேன். அதுலேர்ந்து இங்கயே உட்கார்ந்து படிக்கத்தான் அனுமதி. டிரிப்புக்கு நடுவுல வந்து கொஞ்சம் கொஞ்சமா படிக்கறேன். படிச்சதை எம் பொண்ணுக்குக் கதையா சொல்லிடுவேன். உன் வயசுதான். நேத்து சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுத்துட்டா!"

"என்ன கதை மாமா?"

"ஒரு கப்பல். அதுல ஒரு சமையல்காரர். தொப்பியை மாத்திப் போட்டுக்கிட்டதால அவர்தான் கேப்டன்னு எல்லாரும் நினைச்சுடறாங்க. அவருக்கோ நீச்சல்கூடத் தெரியாது." டிரைவருக்கு மறுபடி தோள் குலுங்கியது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "கப்பல் இப்ப சுழல்ல மாட்டியிருக்கு. இன்னும் இருபது பக்கம்தான். நாளைக்கு வந்து காப்பாத்தணும். எம் பொண்ணு இன்னைக்குத் தூங்கவே மாட்டா, 'அப்புறம் என்னாச்சு'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

அவர் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். கரையான் அதைக் கையில் எடுத்தாள். 'கரண்டிக் கேப்டன்'. நல்ல கனம். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எழுத்து, எழுத்து, எழுத்து. வாயில் எச்சில் ஊறியது.

அக்கா கார்டோடு வந்து நின்றாள். "கிடைச்சுடுச்சா? குடு, பதிஞ்சுட்டு வரேன்."

கரையான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நாளைக்கு அந்த மாமா வருவாரு. புத்தகம் இல்லைன்னா? அவர் பொண்ணு வேற காத்துக்கிட்டிருப்பா."

"நல்லாயிருக்கு! நாளைக்குத்தான் கடைசி நாள். அவர் பொண்ணுக்குக் கதை கிடைக்கும். உனக்குப் பந்துதான் கிடைக்கும்!"

ஆனாலும் கரையானின் கை மறுபடி அலமாரிப் பக்கம் போகவில்லை. இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அம்மாவின் கண்ணாடிக் கடை முனை வந்ததும் கரையான் சட்டென்று நின்றாள்.

"அக்கா! புத்தகம் அம்மாகிட்ட வரணும்னு யார் சொன்னா? அம்மா புத்தகத்துகிட்ட வரலாமே!"

அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "கடையை யார் பார்த்துப்பாங்க? ராத்திரிக்கு எடுத்துட்டு வந்துட்டுக் காலையில வைக்கறதுதானே?"

"நூலகம் திறக்கறதுக்கு முன்னாடி நான் பள்ளிக்கூடம் போயிடுவேனேம்மா. நீ டீ குடிக்கற நேரத்துல வா. போதும்."

டிரைவரைப் பற்றியும் அவர் மகளைப் பற்றியும் சொன்னாள். அம்மா கையிலிருந்த வில்லையைத் துடைத்தபடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, வரேன். ஆனா சிரிப்பு வரலேன்னா வரலேன்னுதான் சொல்வேன். உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் பாவம்னு சிரிக்க மாட்டேன்."

மறுநாள் சாயங்காலம் அம்மா வந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி. டிரைவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உடனே புத்தகத்தை நீட்டினார்.

"தாராளமா பாருங்கம்மா. நடுவுல எங்க வேணாலும் பிரிங்க. கடைசி இருபது பக்கத்தை மட்டும் தொட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்!"

அம்மா நடுவில் பிரித்தாள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"'புயல் சீறியது. மாலுமிகள் ஓடி வந்தார்கள். கேப்டன், என்ன செய்யட்டும்? சமையல்காரர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த கட்டளைகள் எல்லாம் சமையலறைக் கட்டளைகள்தான். முதலில் தீயைக் குறையுங்கள் என்றார்.'"

அம்மாவின் முகம் அசையவில்லை.

"'கப்பலில் எது தீ என்று மாலுமிகளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய பாயை இறக்கினார்கள். கப்பல் நிதானத்துக்கு வந்தது. சபாஷ், இப்போது மூடி போடுங்கள் என்றார் கேப்டன். எல்லாக் கதவையும் சாத்தினார்கள். உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.'"

அம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அக்கா எப்போது மின்விசிறியை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'அடி பிடிக்காமல் கிண்டுங்கள் என்று கத்தினார் கேப்டன். சுக்கான் பிடித்தவன் அதைக் கிண்டு கிண்டென்று கிண்டினான். கப்பல் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு தப்பியது. உப்புப் பார்த்தீர்களா என்றார் கேப்டன். அந்த நேரம் பார்த்து ஒரு பேரலை எழும்பி வந்து எல்லோர் வாயிலும் அடித்தது. பார்த்துவிட்டோம் கேப்டன், கொஞ்சம்...'"

அம்மா நிறுத்தினாள். தோள் குலுங்கியது.

"'கொஞ்சம் தூக்கல்...'"

அவ்வளவுதான். அம்மாவின் வாயிலிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டிரைவரின் நாற்காலி கிரீச்சிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்துவிட்டார்.

'டக், டக், டக், டக்!'

நூலகர் அம்மா நேரில் வந்து நின்றார். "இது நூலகம்மா! குழந்தைங்களை அடக்க வேண்டியவங்க நீங்களே இப்படிச் சிரிச்சா எப்படி?"

"மன்னிச்சுடுங்க" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. முகத்தில் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டது. "இதுல எதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்? குழந்தைங்க படிக்கக்கூடாததா ஒண்ணும் இல்லையே?"

நூலகர் அம்மா புத்தகத்தை வாங்கினார். அதன் முதுகில் மூன்று விரலை வைத்துக் காட்டினார். "ஒரு விரல் தடிமன் வரைக்கும் பச்சை. அதுக்கு மேல போனா சிவப்பு. எல்லாத்தையும் படிச்சுப் பார்க்க எனக்கு ஏழு ஜென்மம் வேணும். குழந்தைங்க இவ்வளவு தடியாப் படிக்க மாட்டாங்கன்னுதான்..."

"படிப்போமே!" என்றாள் கரையான். "தடியா இருந்தாத்தான் சீக்கிரம் தீராது."

நூலகர் அம்மா அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பிரித்தார். நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். பென்சில் எந்தக் கையில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கரையான் பார்த்துவிட்டாள், தோளை.

"அம்மா, என் புத்தகம்..." என்றார் டிரைவர் பரிதாபமாக. "பஸ்ஸுக்கு நேரமாகுது."

புத்தகம் அவர் கைக்குப் போனது. கரையானின் அம்மா மேசைக்கு வந்து, கார்டுக்கான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"ஆனா ஒண்ணு. எதையாவது படிச்சுப் பயந்தா, புரியலேன்னா, மறைக்காம வந்து சொல்லணும்."

"சாப்பிடறப்ப மட்டும் கேட்காதே" என்றாள் அக்கா.

நூலகர் அம்மா புதுக் கார்டில் முத்திரை குத்தினார். குத்திவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"உன்னை மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேர் வந்து இதையேதான் கேட்கறாங்க. பெரிசா, சிரிப்பா, நல்லதா வேணுமாம். நான் பந்துப் புத்தகத்தைக் குடுத்து அனுப்பிடறேன். நீ எப்படித்தான் இதைக் கண்டுபிடிச்சே?"

கரையான் அவரைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள். நூலகர் அம்மா நிமிர்ந்து, கூடத்தில் இருந்த தோள்களை முதன்முதலாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அடேயப்பா! பச்சை அலமாரிக்குப் பக்கத்துல ஒரு தட்டு காலியா இருக்கு. நீ கண்டுபிடிச்சுச் சொல்லு, நான் ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அதுல அடுக்கிடறேன். இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?"

அதற்குள் டிரைவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் பல். "கப்பலைக் காப்பாத்தியாச்சு! எப்படின்னு எம் பொண்ணுகிட்ட சொல்லணும், நான் வரேன்!" என்று புத்தகத்தைக் கரையான் கையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

சிவப்புக் கார்டில் பதிந்த முதல் புத்தகம். கரையான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து தேடறேன் ஆன்ட்டி" என்றாள். "இன்னைக்கு முடியாது. இன்னைக்கு நான் கப்பல்ல இருப்பேன்."