தப்பான மூச்சு

சின்னவள் முதல் தந்தியைத் தொடுவதற்கு முன்பே, அந்தப் பதிவில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். ஈரச் சாக்கைத் தரையில் இழுத்துப் போவதுபோல நீளமான, அவசரமே இல்லாத ஒரு மூச்சு. அது முடிந்த பிறகுதான் கிதார்.

போன் அடித்தது. பெரியவள். ஊரின் மறுகோடியில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸிங் பார்க்கிறவள். அதே பதிவு அவளுக்கும் போயிருந்தது.

"ஏன்டி, கிதார் வாசிக்கிறியா, மாடிப்படி ஏறுறியா? பாட்டை விட மூச்சுதான் பெருசா கேக்குது."

"அது நான் இல்லக்கா."

"பின்ன யாரு, உன் மாமியாரா? உனக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையலையே."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டிவி தொடருக்கான முகப்பு இசை அது. கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்குள் சுத்தமாகப் போய்ச் சேராவிட்டால் வாய்ப்பு வேறு ஆளுக்கு. இதை நம்பித்தான் அவள் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறியிருந்தாள்.

ஜன்னலை அடைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். மெத்தையைச் சுவரில் சாய்த்து, துணி அலமாரியின் கதவுகளை அகலத் திறந்து வைத்தாள். தொங்குகிற துணிகள் எதிரொலியை விழுங்கும். மைக்கைக் கிதாரின் கழுத்தடிக்கு நகர்த்தினாள். வெளியே பிற்பகல் மழை விட்டு, கட்டடமே வேலைக்குப் போய்விட்ட வெறுமையில் அறை முழுக்க நனைந்த கம்பளி வாடை அடித்தது. அவளிடம் கம்பளி கிடையாது.

வாசித்தாள். கை பிசகவேயில்லை. ஆனால் மிக்ஸிங்கில் பெரிய சத்தங்களை அமுக்கிச் சின்னவற்றைத் தூக்கத் தூக்க, அந்த மூச்சும் கிணற்று வாளிபோல மேலே மேலே வந்தது.

"கிதாரே இல்லாத இடமா நாலு செகண்ட் எடு" என்றாள் பெரியவள். "மூச்சு மட்டும் கேக்கணும். அதை சாஃப்ட்வேருக்குக் காட்டு. இதுதான் குப்பைன்னு கத்துக்கிட்டு, பாட்டு முழுக்கப் பெருக்கித் தள்ளிடும்."

கடைசித் தந்தி ஓய்ந்த இடத்தில் ஒரு மூச்சு இருந்தது. மெல்லியது, கொஞ்சம் படபடப்பானது. அவள் யோசிக்கவில்லை. குறித்தாள், அழுத்தினாள், அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் போன்.

"நடுவுல வந்த குட்டிக் குட்டி மூச்செல்லாம் போயிடுச்சு. ஆனா முதல்ல வர்ற அந்தப் பெரிய மூச்சு அப்படியே உக்காந்திருக்கேடி. ரெண்டு தினுசா மூச்சு விடுவியா நீ?"

குறித்த அந்த நாலு செகண்டை மறுபடி ஓட்டிக் கேட்டாள் சின்னவள். மென்பொருளுக்குக் குப்பை என்று அவள் காட்டியது தன்னுடைய மூச்சை.

"சரி விடு, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. அப்ப எது கேக்குதோ அதைக் காட்டு. வச்சிடறேன்."

மைக்கைத் திறந்துவிட்டு, ஹெட்போனை மாட்டி, கிதாரை மடியில் அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

வந்தது. முதலில் அலமாரிப் பக்கத்திலிருந்து, துணிகளுக்குள்ளிருந்து, கனமாக. பிறகு மெத்தையருகே. பிறகு, காதுக்குள்ளேயே இருப்பதுபோல நெருக்கமாக. மைக் அவளிடமிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. மூச்சு அந்த ஒரு சாணுக்குள் கேட்டது.

அசையாதே. இன்னும் கொஞ்சம். நாலு செகண்ட் போதும்.

திரையின் ஓரத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது செகண்ட். ஒரு நிமிடம். இரண்டு.

மூன்று.

நெஞ்சு எரியவில்லை. முட்டவில்லை. விட வேண்டும் என்றே தோன்றவில்லை.

வாயைத் திறந்தாள். காற்றை இழுத்தாள். எதுவும் உள்ளே வரவில்லை. வலிக்கவும் இல்லை.

அக்கா என்றாள். உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை. திரையில் அலைக்கோடு துளியும் எழும்பவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். அதன் கறுத்த கண்ணாடியை வாயருகே வைத்து ஊதினாள்.

மங்கவில்லை. தெளிவாக இருந்தது.

மறுபடி ஊதினாள். கன்னம் உப்ப, பலம் கொண்ட மட்டும்.

தெளிவு. அதில் அவள் முகம். கண்கள்.

அப்போது அந்தக் கண்ணாடியில், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, வட்டமாக ஒரு ஆவிமூட்டம் படர்ந்தது. மெல்லச் சுருங்கியது.

அவசரமில்லாமல் மறுபடி படர்ந்தது.