பயத்தில் போட்ட கவசம்

"இது வீடு இல்லைங்க... கப்பல்!"

அவன் போட்ட சத்தத்தில், பிரிண்டரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த நீளத் தாளைப் பிடித்தபடி சிந்துஜா அப்படியே நின்றுவிட்டாள். போளூர் ரோட்டில் ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. தான் முழுக்க நனைந்து, பென் டிரைவை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தான் அவன். ஊரில் உள்ள இன்ஜினியர்கள் எல்லாம் வீட்டு பிளான் அடிக்க அவள் கடைக்குத்தான் வருவார்கள். அந்தப் பழக்கதோஷத்தில், தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கி அடித்துவிட்டாள்.

"ஸ்கேல் போச்சு. ஒண்ணுக்கு இருநூறுனு எழுதியே குடுத்தேனே?"

"அதுக்கு ஏன் சார் கத்துறீங்க? வேற அடிச்சுத் தர்றேன். திருவண்ணாமலைக்குக் கப்பல் வரும்னு நான் கனவா கண்டேன்?"

சிரிப்பான் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. அந்தக் கண்களில் இருந்தது மழையா, வேறு ஏதாவதா... அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கப்புறம் சண்டை போட மனசு வரவில்லை. தலையைக் குனிந்து தாளைப் பார்த்தாள்.

பார்த்தவள் தாளை இன்னும் கிட்டே இழுத்தாள்.

மூன்று புகைபோக்கிகள். ஐந்து பீரங்கி மேடைகள், அதில் ஒன்று புகைபோக்கிகளுக்கு நடுவில். ஓரத்தில் 'திட்டம் 14'. இந்தக் கப்பலை அவளுக்குத் தெரியும்!

கூட்டமில்லாத மத்தியானங்களில் சிந்துஜாவுக்கு ஒரு ரகசியப் பைத்தியம் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய போர்க்கப்பல்களைக் கற்பனையாக வடிவமைக்கும் மென்பொருள் அது. நீளம், பீரங்கி, வேகம், கவசம் எல்லாவற்றையும் கொடுத்தால் கப்பல் தாங்குமா, உடையுமா என்று அறிக்கை தரும். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் பூராவும் ஒரு கூட்டம் இணையத்தில் அரட்டை அடிக்கிறது. அங்கே அவள் பெயர் கருங்கல்.

நாலு மாதத்துக்கு முன்னால் அங்கே ஒரு போட்டி. 1912-ல் யாரும் கட்டாத ஒரு பேட்டில்குரூசரை வரைய வேண்டும். பெரிய பீரங்கி, ஜாஸ்தி வேகம், அதற்காகக் கம்மியான கவசம்... அதுதான் பேட்டில்குரூசர். ஒரே ஒருத்தன் மட்டும் இன்ஜின் அறையைச் சுற்றிப் பன்னிரண்டு அங்குல இரும்பை வைத்து மூடியிருந்தான். அறிக்கையில் உறுதி எண் ஒன்றுக்குக் கீழே போனால் கப்பல் உடையும்; அவனுடையது 0.83. கருங்கல் எழுதினாள்: "இந்தக் கவசம் கணக்கில் போட்டதல்ல, பயத்தில் போட்டது." கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளும்தான். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பக்கமே வரவில்லை.

'இந்த மூஞ்சியைப் பார்த்தா சிரிச்சேன்...'

"ஒரு காப்பி போதும்ங்க," என்றான், குரலைத் தணித்து. "செவுத்துல ஒட்டிட்டு ஃபைலை அழிச்சிடப் போறேன்."

"ஏன்?"

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவன் மாதிரி சொன்னான். பெயர் இளவரசன். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் சர்வீஸில் வேலை. அப்பா தருமன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறைத் தொழிலாளி. ஏழு வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் தீப்பிடித்தது. உடம்பு வரவில்லை.

"எங்கம்மா இன்னும் பொட்டு வச்சுக்கிறாங்க. காரியம் பண்ண விடல. செத்துட்டார்னு வீட்ல யாரும் சொன்னதே இல்ல. நான் அவரு நிக்கிற எடத்துக்கு மட்டும் கவசம் போட்டேன். ஒருத்தன் அத பயம்னு எழுதினான்... கரெக்டாத்தான் எழுதினான். அதான் ஆத்திரம்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள் சிந்துஜா. வெளியே வந்தது வேறு.

"நடுவுல இருக்கிற பீரங்கி மேடைய எடுத்துட்டா கவசத்துக்கு எடை கெடைக்கும்ல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு எப்படி இதெல்லாம்..."

"பிளான் அடிச்சு அடிச்சு வந்த அறிவு சார்!"

முதல் தடவையாகச் சிரித்தான். தொலைந்தாள் அவள்.

அதற்கப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவனுடைய லேப்டாப்பில் இருவரும் குனிந்து உட்கார்ந்து, வேகத்தில் மணிக்கு ஒரு கடல்மைல் குறைப்பார்கள், நீளத்தில் இருபது அடி கூட்டுவார்கள். 0.91... 0.96... ஒவ்வொரு ஞாயிறும் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும், 'இன்னிக்குச் சொல்லிடணும்' என்று நினைப்பாள். அவன் கண்களைப் பார்த்ததும் தைரியம் ஓடிவிடும். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடுமே...

நாலாவது ஞாயிறு 1.00 வந்தது. இளவரசன் துள்ளி எழுந்தான்.

"அந்தக் கருங்கல்லுக்கு இப்பவே காட்டணும்! என் நெட்டு தீந்துடுச்சு, உங்க சிஸ்டம்ல போட்டுக்கிறேன்."

"இருங்க, நான் ஒண்ணு சொல்ல..."

அதற்குள் அவன் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டான். பாவி மகள், நேற்று தன் கணக்கிலிருந்து வெளியேற மறந்திருந்தாள். திரையின் மூலையில் 'நல்வரவு, கருங்கல்' என்று இருந்தது.

இளவரசன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"எங்கப்பா கதையெல்லாம் கேட்டுக்கிட்டு... ஒரு மாசமா வேடிக்கை பாத்தீங்களா?"

"இல்லைங்க... சத்தியமா..."

லேப்டாப்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போனான். அவள் வாசல்வரை ஓடினாள். அதற்குள் வண்டி போய்விட்டது.

எட்டு நாள் அவன் வரவில்லை, போனை எடுக்கவில்லை. சிந்துஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த பிளான்களையெல்லாம் தப்பாக அடித்தாள். கடைசியில் ஊரறியச் செய்த தப்புக்கு ஊரறியவே மன்னிப்புக் கேட்பது என்று, அந்தப் பக்கத்தில் அவன் கப்பலுக்குக் கீழே எழுதினாள். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை.

"இந்தக் கவசத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். அதற்குப் பின்னால் இன்ஜின் அறையில் ஒரு மனிதர் நின்றிருந்தார். பெயர் தருமன், திருவண்ணாமலைக்காரர். கடலில் தீயில் இறந்துபோனார். அவர் மகன் தன் பயத்தை மறைக்காமல் வரைந்தான். என் பயத்தை நான் அவனிடம் மறைத்தேன். என்னைத்தான் பார்த்துச் சிரிக்க வேண்டும்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் தருமனுக்கு அஞ்சலி எழுதினார்கள்.

மறுநாள் சாயங்காலம், தூறலில் வந்து நின்றான் இளவரசன். தாடி வளர்ந்திருந்தது. லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். வாங்கவில்லை.

"நீங்க எழுதினத எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். 'இறந்துபோனார்'னு வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க... அழுதாங்க. ஏழு வருஷத்துல மொத தடவ."

"ஐயோ... நான் அப்படி நெனச்சு எழுதலீங்க..."

"வர்ற அமாவாசைக்குப் பாண்டிச்சேரி கடல்ல காரியம் பண்ணலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க." ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டான். "நீங்களும் வரணும்."

"நானா? நான் என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

அவன் லேப்டாப்பை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தான். பிறகு நேராக அவள் கண்களைப் பார்த்தான்.

"கோவம் இன்னும் இருக்குங்க. ஆனா எட்டு நாளும் உங்க நெனப்புதான். உங்களப் புடிச்சிருக்கு. அப்பாவுக்கு விடை குடுக்கும்போது, இவங்களத்தான் கட்டிக்கப் போறேன்னு சொல்லிடலாம்னு... உங்களுக்குச் சம்மதம்னா."

சிந்துஜா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"எனக்கு மொத நாளே புடிச்சிருச்சு," என்றாள். "எத்தன மணிக்குக் கெளம்பணும்?"