டிரைவர் மூடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பொய் சொல்ல வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்ட்ராவா நகரத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது சுரங்க ஊர். மூடிப்போன சுரங்கத்தில் தொழிலாளர்கள் குளித்த கட்டடத்தில்தான், டாங்கு, விமானம் என்று சிறு உருவங்கள் செய்யும் எங்கள் மாடல் மன்றம். தொண்ணூற்றைந்து ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை முற்பகல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பெயின்ட் வாசனையோடு இன்னொரு வாசனையும் அடித்தது. முடி பொசுங்கும் வாசனை.

என் மேசையில் அந்த டாங்கு இருந்தது. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். உலகப் போர் முடியும் தறுவாயில் எங்கள் செங்கல் சூளை முனையில் எரிந்த எங்கள் படை டாங்கின் மாதிரி அது. ஐம்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்காக நான்கு மாதமாக அதோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் வந்த மொண்ணைப் பாகங்களைத் தூர வீசிவிட்டு, கடைந்தெடுத்த அலுமினியப் பீரங்கிக் குழாய், பித்தளைத் தகட்டில் மட்கார்டு, டிரைவர் ஏறி இறங்கும் ஓட்டைக்கு ரெசினில் வார்த்த டிரைவர் மூடி என்று ஒவ்வொன்றாகத் தருவித்துப் பொருத்தினேன். எரிந்த டாங்கின் பழைய போட்டோவில் பூதக்கண்ணாடி வைத்து போல்ட்டுகளைக்கூட எண்ணிவிட்டேன்.

முந்தின நாள் திறந்தபடி ஒட்டிய டிரைவர் மூடி, இப்போது மூடிக் கிடந்தது.

"எவன்டா இதுல கை வெச்சது?"

மன்றத் தலைவர் யாரோமிர் காபியோடு எட்டிப் பார்த்தார். "கத்தாத ராடெக். பசை விட்டிருக்கும். திறந்தே ஒட்டு. ஊருக்கே தெரிஞ்ச கதைதானே?"

தெரிந்த கதைதான். டாங்கில் ஐந்து பேர். நான்கு பேர் உள்ளேயே கருகினார்கள். டிரைவர் ஓட்டகார் என்பவன் மூடியைத் திறந்து ஓடிவிட்டான் என்று ராணுவ அறிக்கை சொல்கிறது. அதனால் சூளை முனை நினைவுக் கல்லில் நான்கு பெயர்தான். அப்பன் முகம் பார்க்காமல் பிறந்த ஓட்டகாரின் மகள் ஸ்தென்காவை 'ஓடுகாலி பெத்தது' என்றே பள்ளியில் கூப்பிட்டார்கள். அந்த அறிக்கையை எழுதிய அதிகாரி, யாரோமிரின் அப்பா.

மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து ஒட்டினேன். பசை இறுகும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலில் நல்ல வெயில்.

தூக்கி வைத்திருந்த பீரங்கிக் குழாய் மெதுவாகத் தாழ்ந்தது.

மூடி தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

உள்ளே என்ன இருக்கிறது, வெறும் பிளாஸ்டிக் கூடு! போட்டோவை இழுத்து, அதுவரை பார்க்காத ஒரே இடத்தைப் பார்த்தேன். அதிலும் குழாய் தாழ்ந்து டிரைவர் மூடியின் மேல் படிந்திருந்தது. மூடி விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை.

அந்த ஆள் எப்படி ஓடியிருப்பான்?

அத்தனை போல்ட்டையும் போட்டோ பார்த்து எண்ணியவன், மூடியை மட்டும் அறிக்கையை நம்பி ஒட்டியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போட்டோவை யாரோமிர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க தலைவரே, கண்ணு நல்லாத்தானே இருக்கு? சாம்பல்ல எத்தனை பேர்னு உங்கப்பா எண்ணவே இல்ல!"

அவர் பார்க்கவில்லை. "செத்தவரைப் பத்திப் பேசாத" என்றார், மெதுவாக.

"நானும் செத்தவரைப் பத்தித்தான்யா பேசுறேன்!"

கண்காட்சியில் குழாயைத் தாழ்த்தி, மூடியை மூடி, டாங்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். 'உள்ளே ஐந்து பேர்' என்று அட்டை எழுதினேன். யாரோமிர் எல்லோர் முன்னிலும் அதைக் கிழித்துப் போட்டார். மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார். ஒருத்தன், ஒருத்தன்கூட அந்தத் துண்டுகளைக் குனிந்து எடுக்கவில்லை. தூ!

ஸ்தென்கா அக்கா மட்டும் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி," என்றார், "இங்க வா."

கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கரித்தடம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்த, முழு அளவு ஆம்பிளைக் கை.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அக்கா வெளியிலிருந்து அதன் மேல் தன் கையை வைத்தார்.

"சுடுதுப்பா" என்றார். கையை எடுக்கவே இல்லை.

இரண்டு வருஷமாகிறது. கல்லில் இன்னும் நான்கு பெயர்தான். நானும் அக்காவும் நகராட்சிக்கு ஆறு மனு போட்டோம். 'அறிக்கையே ஆதாரம்' என்று ஆறு முறையும் ஒரே பதில். தினமும் நான் பெட்டியைத் திறந்து தடத்தைத் துடைக்கிறேன். அடுத்த நாளுக்குள் அது திரும்ப வந்துவிடுகிறது.

நேற்று வந்தது விரித்த கை இல்லை. முஷ்டி.

கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, உள்ளேயிருந்து.