சதாசிவன் இடுப்பில் ஒரு சாட்சி

போன் அலறியது.

"மேடம், உங்க உருண்டை எங்க மாமனைக் கொன்னு போட்டுது."

காட்டாக்கடை ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடம் பாடுபட்டு ஷைலஜா உருவாக்கிய, இடுப்பு மூட்டில் பொருத்தும் செராமிக் உருண்டை... முப்பது வருடம் உழைக்கும் என்று அவள் மார்தட்டிய உருண்டை... பாறசாலை சதாசிவனின் இடுப்புக்குள் எட்டே மாதத்தில் உடைந்துவிட்டதாம்!

பேசியவன் சதாசிவனின் தங்கை மகன் ஷிபு. மாமா படியிறங்கும்போது இடுப்பில் 'டக்' என்று சத்தம் கேட்டதாம். தலைகுப்புற விழுந்து செத்தாராம். பார்த்தது அவன் மட்டும். அன்றே வீட்டு வளவுத் தோட்டத்தில் எரித்தாகிவிட்டது.

அதே உருண்டையோடு இன்னும் பதினோரு பேர் நடமாடுகிறார்கள். ஷிபு சொன்னது நிஜமென்றால் அத்தனை பேரையும் மறுபடி கத்தி வைத்துத் திறக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் சஞ்சயனம். எலும்பு பொறுக்கும் அந்தச் சடங்கு வரை சிதையை யாரும் தொடக்கூடாது. ஷைலஜா போய் நின்றாள். ஷிபு கொடுத்த புகாருக்காக எஸ்.ஐ. ராஜையாவும் வந்திருந்தார்.

சதாசிவனின் மனைவி சத்யபாமா குனிவதற்குள் ஷிபு முந்திக்கொண்டான். சாம்பலுக்குள் கைவிட்டான்.

"இன்னா கிடக்கு சாறே. ரெண்டா உடைஞ்சு போச்சு."

உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று இரண்டு சில்லுகள்.

உங்களுடையதுதானா என்று ராஜையா ஷைலஜாவை முறைத்தார். அவள் வாங்கித் துடைத்துப் பார்த்தாள்.

"இது ஏதோ டீ கப்பு சார். எங்க உருண்டை ரோஸ் கலராக்கும். உடையாம இருக்க ஒரு பொடி சேப்போம், அதுல வாற நிறம்."

தீயில் நிறம் போயிருக்கும் என்று ஷிபு முனகினான்.

"ஆயிரத்தைந்நூறு டிகிரி சூளையில வெந்தது தம்பி. மாமரத்து விறகு அதை என்ன செய்யும்?"

சத்யபாமா சாம்பலைக் கிளறினாள். நீளமாய் ஒரு உலோகத் தண்டு வந்தது. அதன் நுனியில் உருண்டை. முந்தானையால் துடைத்தாள்.

ரோஸ் நிறம்... ஒரு கீறல்கூட இல்லை!

"எலே ஷிபு... மாமனை நீ என்னலே செஞ்ச?"

அவன் ஓட எத்தனிப்பதற்குள் ராஜையா பிடரியைப் பிடித்திருந்தார். தன் அம்மாவுக்கும் பங்குள்ள வீட்டை விற்க மாமா சம்மதிக்கவில்லை. படியில் தள்ளிவிட்டான். பழியை உருண்டை மேல் போட்டான். ஜீப்பில் ஏறுமுன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

விலங்கை மாட்டிவிட்டு ராஜையா திரும்பினார்.

"மேடம், இந்த உருண்டையில ஒண்ணு தனியா எடுத்து வையுங்க. இவன் ஜெயிலை விட்டு வெளிய வாற வயசுல தேவைப்படும்."